கேட்டவர் பெயர்

சரஸ்வதி பூசைக்கு வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் சமையல் கிடாரம் காணாமல் போன கதை ஆக்லாந்தின் மங்கரேத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். யாரோ காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதை இராசமலர் பார்த்திருக்கிறாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அந்த நேரம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றவள் அவள் ஒருத்திதான். சங்கத் தலைவர் கேட்டார், செயலாளரின் மனைவி கேட்டாள், கடைசியில் ஐயரே வந்து கேட்டார்.

"நான் கண்டனான்தான். ஆரெண்டு சொல்லமாட்டன். நீங்களே எல்லாரிட்டயும் விசாரியுங்கோ," என்றாள் இராசமலர்.

பார்க்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஆளை விட்டிருப்பார்கள். பொய்யும் சொல்லமாட்டாள், பெயரும் சொல்லமாட்டாள். இப்படி ஒரு மனுசியோடு யார் மல்லுக்கட்டுவது? அடுத்த பூசைக்குப் புதுக் கிடாரம் வாங்கினார்கள்.

அவள் வேலை பார்த்த விமானச் சாப்பாட்டுக் கூடத்துப் பெண்கள் தங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் அவளிடம்தான் கொட்டினார்கள். புருசன் குடிப்பது, மாமியார் விசாவுக்கு நிற்பது, மகன் வெள்ளைக்காரியோடு சுற்றுவது, எல்லாம் அவள் காதுக்குள் போய் அப்படியே அடங்கிவிடும். நல்ல குணம் என்று சிலர் சொன்னார்கள். அழுத்தக்காரி என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் கணவர் குலசிங்கத்திடம் கேட்டிருந்தால் தன் இடது காதைத் தொட்டுக் காட்டியிருப்பார்.

அந்தக் காது கேளாமல் போன கதைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும்.

இராசமலர் அங்கே பாராளுமன்ற நூலகத்தில் வேலை பார்த்தவள். அவள் சேர்ந்த காலத்தில் பாராளுமன்றம் காலிமுகத்தில் கடலைப் பார்த்து நின்ற பழைய கல்லுக் கட்டடத்தில் இருந்தது. உப்புக் காற்றுக்குப் பத்திரிகைத் தாளெல்லாம் நமத்த அப்பளம்போலத் தொங்கும். மூன்று மொழிப் பத்திரிகைகளையும் காலையில் வாசித்து, வெட்டி, பசை தடவி ஒட்டி, விஷயவாரியாகக் கோப்பில் போடுவதுதான் அவள் பிரிவின் வேலை. அமைச்சரைக் குத்துவதற்காக ஒருவர் வாங்கிப் போகும் வெட்டுத்துண்டுகளையே, பின்னேரம் அமைச்சரைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவர் வந்து கேட்பார். இரண்டு பேருக்கும் ஒரே முகத்தோடு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அப்போது பிரதம நூலகராக இருந்த பறங்கிய மனிதர் முதல் நாளே அவளை இருத்தி வைத்துச் சொன்னார்: "இங்கே யார் என்ன கேட்டார் என்பது வெளியே போகக்கூடாது. ஒரு தடவை போனால், அதற்குப் பிறகு ஒருவரும் இங்கே வந்து எதையும் கேட்கமாட்டார்கள். ஒன்றும் படிக்காமல் எழுந்து நின்று பேசுவார்கள். அது நாட்டுக்குக் கேடு."

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாராவது மேசையடிக்கு வந்தால், மேலே கிடக்கும் தாளைக் கை தானாகக் கவிழ்த்து வைக்கும். பாராளுமன்றம் ஏரி நடுவே கட்டிய புதுக் கட்டடத்துக்கு இடம் மாறியபோது அந்த வழக்கமும் கூடவே போனது. பிறகு கடல் தாண்டி மங்கரே வரைக்கும் வந்தது. சமையலறை மேசையில் கரண்ட் பில் கிடந்தாலும் சரி, மகள் சுகந்தினியின் பள்ளிக்கூட ரிப்போர்ட் கிடந்தாலும் சரி, யாராவது உள்ளே வந்தால் இராசமலரின் கை அதைக் கவிழ்த்துவிடும். சுகந்தினி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு நாள் ஓர் உறுப்பினர் மேசையடிக்கு வந்தார். கரையோர ஊர் ஒன்றில் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போனதைப் பற்றி வந்த செய்திகளெல்லாம் வேண்டும், சபையில் கேள்வி கேட்கப் போகிறேன் என்றார். எந்தக் கட்சி, எந்த மொழி என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அவள் புருசனுக்கே சொல்லவில்லை, எனக்கா சொல்லப் போகிறாள்?

எத்தனையோ கொலைச் செய்திகளை ஒட்டிவிட்டுக் கை கழுவிச் சோறு தின்றவள்தான். அன்றைக்கு அவளால் முடியவில்லை. பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் வரிசையாக நின்ற புகைப்படம் ஒன்று அதில் இருந்தது. இந்த மனிதர் எழுந்து நின்று கேட்டால், அமைச்சர் ஏதாவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தாள். கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்தவள், அந்த ஒரு தடவை, கேட்கப்பட வேண்டுமே என்று மனதார ஆசைப்பட்டாள். பழுப்புக் கோப்பின் மேல் தன் கையாலேயே தலைப்பு எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே, ஞாயிறு காலை, வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்குச் சாதாரண உடுப்பில் சில பேர் வந்தார்கள். ஒருவன் கையில் அந்தப் பழுப்புக் கோப்பு இருந்தது. இது உன் எழுத்துத்தானே, இதைச் சேர்க்கச் சொன்னது யார், உனக்குப் பின்னால் நிற்பது யார் என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை. துவக்கின் அடிக்கட்டையால் குலசிங்கத்தின் இடது காதோடு சேர்த்து அடித்தார்கள். அவள் குழறினாள், காலில் விழுந்தாள். பெயர் மட்டும் வரவில்லை. அது வீரம் என்று நான் சொல்லமாட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக அந்த வாய் அப்படிப் பழகிப்போயிருந்தது. மறுபடியும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்தான். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவே இல்லை. உறவுக்காரர் வீடுகளில் ஒளிந்திருந்த மாதங்களில் ஒரு பத்திரிகைகூட அவள் கையில் படவில்லை. கோப்பு எப்படி அவர்களிடம் போனது என்பதற்கு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவர் சபையில் கேட்டிருப்பார். கேட்ட பிறகு கோப்பு செய்தியாளர் கைக்குப் போயிருக்கும், நாலு கை மாறியிருக்கும். அவர் கேட்டதால்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள். அப்படி நினைப்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. இவ்வளவு பட்டாலும் அந்தத் தாய்மாருக்காக ஒரு குரல் எழுந்ததே.

ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஆக்லாந்து வந்து இறங்கி அகதி விண்ணப்பம் போட்டார்கள். தொண்ணூற்று ஐந்தில் விசாரணை நடந்தது. விசாரித்தவர் நல்ல மனிதர். அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவசரப்படாமல் எல்லாம் கேட்டார். கோப்பைக் கேட்ட உறுப்பினரின் பெயர் என்ன என்றும் கேட்டார்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றாள் இராசமலர்.

"நீங்கள் இங்கே சொல்வது எதுவும் இந்த அறையை விட்டு வெளியே போகாது."

"எங்கள் நூலக அறையிலும் அப்படிச் சொல்லித்தான் எல்லாம் கொடுத்தோம். அதனால்தான் சொல்ல முடியாது."

அவர் பேனையை மூடி வைத்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயரில்லாத ஒரு மனிதர், கண்ணால் காணாத ஒரு கோப்பு, கேளாத ஒரு காது. இதை வைத்துக்கொண்டு அவர் எதை நம்புவார்? காது நோயாலும் அடைபடும்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைப் பக்கத்து வீட்டு சமோவாக்காரர்கள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்கள். மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருக்கும்.

"ஒரு பேர்! ஒரேயொரு பேர்! அவன் என்ன உம்மட கூடப்பிறந்தவனே?" என்று கத்தினார் குலசிங்கம்.

"அவர் இன்னும் அங்கதான் இருக்கிறார். அவருக்கும் பிள்ளையள் இருக்கு."

"எங்களுக்கும் ஒண்டு இருக்கு. அந்தா, அறைக்குள்ள இருந்து படிக்குது. திருப்பி அனுப்பினாங்கள் எண்டா அதின்ர கதி என்ன? இந்தக் காதுக்காகவாவது சொல்லுமன்."

சுகந்தினி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "ஜஸ்ட் சே த நேம், அம்மா. ப்ளீஸ்." அவளுக்கு நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் இந்த நாட்டில் இருக்க வேண்டும்.

இராசமலர் எழுந்து போய்க் குசினியில் அழுதாள். பிள்ளையை விட அந்த மனிதர் பெரிதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் சொல்லிவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை குலசிங்கம் பட்ட அடிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது சொல்வதென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. அதைக் குலசிங்கத்திடம் எப்படிச் சொல்வது?

மேன்முறையீடுதான் மிச்சம். அதுவும் போனால் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான் என்று அவர்களுடைய லோயர் சொல்லிவிட்டாள். அவள் சிவந்த முடியும் கலைந்த மேசையுமாக இருந்த வெள்ளைக்காரி. வேலையில் கெட்டிக்காரி.

விமானச் சாப்பாட்டுக் கூடத்தில் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் துடைத்துக் கடதாசிக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் இராசமலருக்கு அந்த யோசனை வந்தது. அப்படியே கையுறையோடு வெளியே ஓடிவந்து லோயருக்குப் போன் எடுத்தாள்.

பாராளுமன்றங்கள் தங்கள் விவாதப் புத்தகங்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்வது உண்டு. கொழும்பிலிருந்து வெலிங்டனுக்குப் போன கட்டுகளுக்கு அவளே சணல் நூல் கட்டியிருக்கிறாள். அந்த உறுப்பினர் சபையில் கேட்டது அச்சில் இருக்கும். யார் கேட்டார் என்று பெயரும் அதிலேயே இருக்கும், ஊரறிய. பிறகு அவள் எதற்குப் பெயர் சொல்ல வேண்டும்? புத்தகம் சொல்லும்.

மங்கரேத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் கேட்டால் வெலிங்டன் நூலகம் தேடிக் கொடுக்கும், அவருடைய அலுவலகத்தில் நான் பேசுகிறேன் என்றாள் லோயர். ஆனால் உடனே சம்மதிக்கவில்லை.

"யோசித்துச் சொல்லுங்கள். பெயரை மட்டும் நீங்கள் சொன்னால், அதை வைத்து நான் வாதாடலாம். புத்தகத்தில் சரிபார்க்கிறோம் என்று மேன்முறையீட்டை விசாரிப்பவர்களிடம் சொல்லிவிட்டால், என்ன பதில் வந்தாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்."

"கொடுங்கள்," என்றாள் இராசமலர். "கேட்டிருந்தால் புத்தகத்தில் இருக்கும்."

"அவர் கேட்டதை நீங்கள் பார்த்தீர்களா?"

"நாங்கள் சபைக்குள் போவதில்லை. கொடுத்ததை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதும் எங்கள் வேலை இல்லை. ஆனால் அவர் கேட்டார்."

வேறு யாராக இருந்தாலும் ஒரு பெயரைச் சொல்லித் தப்பப் பார்த்திருப்பார்கள். வாழ்நாளெல்லாம் அச்சடித்த தாளை நம்பியே காலம் கழித்த ஒருத்திதான் இப்படிச் செய்வாள். மேன்முறையீட்டு விசாரணையிலும் அதையே சொன்னாள். கோப்புக் கேட்டது உண்மையென்றால் கேள்வி அங்கே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து அவர்களும் பதில் வரும்வரை பொறுப்பதாகச் சொன்னார்கள்.

காத்திருந்த நாட்களில் அந்த வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எல்லர்ஸ்லியில் கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவு செய்யப் போகும் குலசிங்கம் வேலைக்குப் போகுமுன் ஒரு தேவாரம் முணுமுணுத்தார். இராசமலருக்கு மட்டும் ஒரு பயம். சில வருடங்களுக்கு முன், திருத்த வேலை நடக்கும்போது வெலிங்டனில் அந்த நூலகக் கட்டடத்தில் தீப்பிடித்தது என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"நெருப்பில போனதோ, தண்ணி அடிச்சு ஊறிப்போச்சுதோ தெரியாது. கொழும்புப் புத்தகமெல்லாம் கீழ்த் தட்டிலதான் வச்சிருப்பினம்," என்று குலசிங்கத்திடம் சொல்லிக் கவலைப்பட்டாள்.

"ஒண்டும் நடந்திராது. நல்லதை நினையும்," என்றார் அவர். அவரே இப்படிச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது.

அங்கே யாரோ ஒருத்தி ஏணியில் ஏறி அந்தப் புத்தகங்களை இறக்குவதை இராசமலர் அடிக்கடி நினைத்துக்கொண்டாள். யாருக்காகத் தேடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும்மாட்டாள். இராசமலருக்கு அது பிடித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அவள் வேலையால் வந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்த நேரம், லோயர் போன் எடுத்தாள். வெலிங்டனிலிருந்து பதில் வந்திருக்கிறது என்றாள். குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"புத்தகங்கள் எரிந்துவிட்டனவா?" என்று கேட்டாள் இராசமலர்.

"இல்லை. எல்லாத் தொகுதிகளும் பத்திரமாக இருக்கின்றன. அந்த வருடத்திலோ அடுத்த வருடத்திலோ அப்படி ஒரு கேள்வி இல்லையாம். அந்த உறுப்பினர் என்றில்லை. யாருமே கேட்கவில்லை."

குலசிங்கம் கேட்கும் காதை ரிசீவர் பக்கம் சாய்த்துக்கொண்டு அருகில் வந்து நின்றார். இராசமலர் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.

"எந்தத் தலைப்புகளில் தேடினார்கள்? அதைப் போட்டிருக்கிறார்களா?"

லோயர் வாசித்தாள். கைது, தடுத்து வைத்தல், காணாமற்போனோர், மீனவர். அந்த ஊரின் பெயர், அதன் மூன்று விதமான எழுத்துக்கூட்டலோடும். வாய்மொழிக் கேள்வி, எழுத்துக் கேள்வி, ஒத்திவைப்பு விவாதம். சொல்லடைவில் தப்பியிருக்கலாம் என்று அந்தக் கிழமையின் விவாதங்களைப் பக்கம் பக்கமாகவும் பார்த்திருக்கிறார்கள். பதிலில் ஒரு சொல் அதிகமும் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை.

"நல்ல வேலை," என்றாள் இராசமலர். ஆங்கிலத்தில் சொன்னாள். லோயரிடம் நன்றி சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள்.

"இன்னொருக்கால் வடிவாப் பாக்கச் சொல்லுமன். எங்கயாவது ஒரு மூலையில கிடக்கும்," என்றார் குலசிங்கம்.

"தேவையில்லை. அவை வடிவாப் பாத்திருக்கினம். நான் பாத்திருந்தாலும் இப்பிடித்தான் பாத்திருப்பன். அவர் கேக்கேல்ல."

தண்ணீர் கொதித்துக்கொண்டே கிடந்தது. குலசிங்கம்தான் போய் அணைத்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். விமானம் ஒன்று கூரைக்கு மேலால் தாழப் போனது. அந்த இரைச்சல் அடங்கிய பிறகு மெல்லக் கேட்டார்.

"மலர், சபையில கேக்கேல்லையெண்டா அந்த ஃபைல் வெளியில வந்திராது. செய்தியாளர் கையும் இல்லை, மற்றவன்ர கையும் இல்லை. உம்மட கையில இருந்து அவன்ர கைக்குத்தான் போனது. அப்ப எங்கட வீட்டுக்கு வந்தவங்களிட்ட அதை ஆர் குடுத்தது?"

அவளுக்கு அது ரிசீவரை வைக்கும்போதே தெரிந்துவிட்டது. அந்த மனிதர் பயந்திருப்பார். நூலகத்தில் இருக்கிற தமிழ்ப் பெண் தானாகவே சேர்த்துத் தந்தாள் என்று சொல்லிக் கோப்பைத் தூக்கிக் கொடுத்திருப்பார். அதனால்தான் உனக்குப் பின்னால் நிற்பது யார் என்று கேட்டார்கள். தன்னைக் காட்டிக் கொடுத்தவரின் பெயரைத்தான் அவள் காலில் விழுந்தபோதும் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாள். புருசனின் காதையும் மகளின் படிப்பையும் அதற்கு ஈடாக வைத்திருந்தாள். அந்தத் தாய்மாருக்காக ஒருவரும் எழுந்து நிற்கவும் இல்லை.

இனி அந்தப் பெயரால் ஒரு பிரயோசனமும் இல்லை. முன்பே சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். இப்போது சொன்னால், புத்தகத்தில் இல்லை என்றதும் புதிதாக ஒரு பெயர் கண்டுபிடித்தாள் என்பார்கள். சட்டம் தெரியாத குலசிங்கத்துக்கே அது விளங்கியது. ஆனாலும் கேட்டார்.

"இப்பவாவது சொல்லும். வேற ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம். எனக்கு மட்டும்."

உள்ளறையில் சுகந்தினி பரீட்சைக்குப் பாடம் ஒப்புவிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இராசமலர் அந்தக் கதவை ஒருதரம் பார்த்தாள். பிறகு பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும், முதலெழுத்துகளோடு, நூலகத்தில் எழுதுகிற மாதிரியே சொன்னாள். குலசிங்கம் ஒரு எழுத்தும் தவறிவிடக்கூடாது என்று வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். எவ்வளவோ யோசித்துப் பார்த்தார்.

"அது ஆர்?" என்று கேட்டார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்கும் தெரியாது. பின்வரிசையில் இருந்து கையுயர்த்தி வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போன ஒரு மனிதர், அவ்வளவுதான். அவர் எந்தக் கதிரையில் இருந்து வாசிப்பார், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார், எந்தப் பத்திரிகையை முதலில் விரிப்பார் என்பதெல்லாம் இராசமலருக்குத் தெரியும். அது ஆர் என்று புருசன் மறுபடியும் கேட்டார்.

"தெரியாதப்பா," என்றாள்.